தொலைபேசி சர்வரில் இடம் தீர்ந்தால் எதில் கைவைப்பது

அலுவலகத் தொலைபேசி சர்வரின் வட்டு நிரம்பினால் அது உடனே நின்றுவிடுவதில்லை. தொல்லையே அதில்தான் தொடங்குகிறது. அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் தன் அமைப்பு விவரங்களைத் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால், வட்டில் ஒரு பைட்கூட மிச்சமில்லாத நிலையிலும் அழைப்புகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். வரவேற்பில் அமர்ந்திருப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. உள்ளே மட்டும் ஒவ்வொரு வேலையாகக் கைவிடப்பட்டுக்கொண்டிருக்கும். வாய்ஸ்மெயில் பதிவாகாது. பேச்சுப் பதிவுக் கோப்புகள் பெயரளவில் உருவாகும். திறந்து பார்த்தால் தலைப்புப் பகுதியின் 44 பைட்டுகள் மட்டும் இருக்கும், சில வேளை அதுவும் இருக்காது. நிர்வாகப் பக்கத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அதே நுழைவுப் பக்கமே திரும்பி வரும், ஏனென்றால் உள்நுழைவுக்கான செஷன் கோப்பை எழுத, அந்தப் பக்கத்தை இயக்கும் பிஎச்பிக்கு இடமில்லை. இடம் குறைகிறது என்று எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சலும் வெளியே போகாது. அதை வரிசையில் நிறுத்திவைக்கவே மின்னஞ்சல் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு வட்டில் இடம் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு, நடுத்தர நிறுவனங்களின் தொலைபேசி அமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு முகவர்கள், உம்லாங்கா பக்கத்துக் காப்பீட்டுத் தரகர்கள், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள மருத்துவர் அறைகள் என்று வாடிக்கையாளர்கள் பலவகை. செப்புக் கம்பி இணைப்புகளை விட்டு ஃபைபருக்கு மாறிய காலத்தில், இவர்களில் பலர் மேசைக்கு அடியில் ஒரு சிறிய கணினியை வைத்து, அதில் ஆஸ்டரிஸ்கை இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸை நிறுவிக்கொண்டார்கள். அதற்குள் இருந்தது பெரும்பாலும் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான். அழைப்புகளை இணைத்துவிட அது தாராளமாகப் போதும். அழைப்புகளைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு அது எத்தனை மாதம் தாங்கும் என்பதை வாங்கும்போது யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் நிலைவரை போன 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. நிரம்பிய வட்டோடு ஓடிக்கொண்டிருந்த சர்வர், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் தரவுத்தளம் எழ மறுக்கும். தரவுத்தளம் எழாததால் ஃப்ரீபிபிஎக்ஸும் எழாது. மின்வெட்டுதான் சர்வரைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். கோப்புகளின் தேதிகளைப் பார்த்தால் வட்டு பல நாள்களுக்கு முன்பே நிரம்பியிருக்கும். ஆகவே, வட்டு நிரம்பிவிட்டது என்று தெரிந்த சர்வரை, எழுந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மறுதொடக்கம் செய்யவே கூடாது. அந்த நிலையில் நிர்வாகப் பக்கம் திறந்திருந்தால், மாற்றங்களைச் செயல்படுத்தும் சிவப்புப் பொத்தானையும் தொடக்கூடாது. அந்தப் பொத்தான் அமைப்புக் கோப்புகளைப் புதிதாக எழுதும் வேலையைத் தொடங்குகிறது. எழுத இடமில்லாவிட்டால் நல்ல கோப்புகள் இருந்த இடத்தில் வெற்றுக் கோப்புகள் உட்கார்ந்துகொள்ளும் அபாயம் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் அழைப்புகளாவது இயங்கட்டும் என்று விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் என்னும் தொலைக் கட்டளை இணைப்பு வழியாக உள்ளே போய் முதலில் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு மூன்று கட்டளைகள் போதும். டிஎஃப் வட்டின் எந்தப் பகிர்வு (பிரிவு) நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். அதையே ஐநோடுகளை, அதாவது கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் குறிப்பிடங்களை, காட்டும்படி கேட்டால், இடம் இருந்தும் கோப்பு உருவாக்க முடியாத விசித்திர நிலையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு கோப்புறையில் பல லட்சம் சிறு கோப்புகள் குவிந்துவிட்டால் இது நேரும். டியூ எந்தக் கோப்புறை எவ்வளவு தின்கிறது என்று சொல்லும். டியூவை ஒரே பகிர்வுக்குள் நிற்கும்படி கட்டுப்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் இணைத்திருக்கும் சேமிப்புப் பெட்டியையும் சேர்த்து எண்ணிக்கொண்டு நெடுநேரம் ஓடும். முடிவுகளை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலான தொலைபேசி சர்வர்களில் விரல் 'வார்' (var) என்னும் கோப்புறையைத்தான் சுட்டும். அதற்குள் ஸ்பூல், லாக், லிப் என்னும் மூன்று கிளைகளில் ஒன்றில்தான் குற்றவாளி இருப்பார்.

இ-எக்ஸ்-டி-4 வகை கோப்பு முறைமையில் ஐந்து சதவீத இடம் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ரூட்டாக நுழைந்து ஒரு சோதனைக் கோப்பை எழுதிப் பார்த்து, எழுத முடிகிறதே, வட்டில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்டரிஸ்க் தன் பெயரிலுள்ள சாதாரணப் பயனராகத்தான் இயங்குகிறது. அதற்குக் கதவு முன்பே மூடிவிட்டிருக்கும்.

முதலில் கைவைக்க வேண்டியது லாக் கோப்புகளில், அதாவது சர்வர் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் கோப்புகளில். முழு லாக் என்று அழைக்கப்படும் ஒரே கோப்பு பல ஜிபிக்கு வளர்ந்திருப்பதைப் பார்ப்பது இத்தொழிலில் சாதாரணம். அதற்குக் காரணங்கள் இரண்டு, அவை பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். என்றோ ஒரு நாள் ஒரு தொலைபேசி பதிவாகவில்லை என்று யாரோ எஸ்ஐபி செய்திகளை, அதாவது தொலைபேசிகளும் சர்வரும் அழைப்புக்காகப் பரிமாறும் செய்திகளை, முழுதாகக் காட்டும் வசதியை இயக்கியிருப்பார். சிக்கல் தீர்ந்ததும் அதை அணைக்காமல் வெளியேறியிருப்பார். இரண்டாவது, அந்த சர்வரின் எஸ்ஐபிக்கான 5060ஆம் வாயில் (போர்ட்) இணையத்துக்குத் திறந்தே கிடக்கும். உலகெங்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகல் பாராமல் அந்த வாயிலைத் தட்டி, நீட்டிப்பு எண்களையும் கடவுச்சொற்களையும் ஊகித்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சாதாரண நிலையில் தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் லாக்கில் ஓரிரு வரிகள் விழும். செய்திகளை முழுதாகக் காட்டும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் முழுத் தலைப்புகளோடு சில டஜன் வரிகள் விழும். இந்த லாக்கை மட்டும் அழித்துவிட்டுப் போனால் அடுத்த மாதமும் வந்து அழிக்க வேண்டியிருக்கும். வசதியை அணைத்து, அந்த வாயிலை உங்கள் இணைப்பு வழங்குநரின் முகவரிகளுக்கும் கிளை அலுவலகங்களுக்கும் மட்டும் என்று ஃபயர்வாலில் குறுக்கினால், இடமும் மிச்சமாகும், திருட்டு அழைப்புகளின் பில்லும் வராது. என்னைக் கேட்டால், லாக் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் ஒரு வகையில் நல்ல சந்தர்ப்பங்களே.

லாக்கை அழிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஆஸ்டரிஸ்க் திறந்து வைத்திருக்கும் கோப்பை ஆர்எம் கட்டளையால் நீக்கினால், பட்டியலிலிருந்து அதன் பெயர் மறையும்; இடம் திரும்பி வராது. குடியிருப்பவர் காலி செய்யாத வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியது போலத்தான் அது. டிஎஃப் ஒரு கணக்கும் டியூ வேறொரு கணக்கும் சொன்னால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளை பட்டியலிட்டுக் காட்டும். இதைத் தவிர்க்க, கோப்பை நீக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் அதன் நீளத்தைப் பூஜ்யமாக்கலாம். ஏற்கெனவே நீக்கிவிட்டால், ஆஸ்டரிஸ்கின் உள்ளிருந்து லாக்கைச் சுழற்றச் சொன்னால் பழைய கோப்பை மூடிவிட்டுப் புதியதைத் திறந்துகொள்ளும், இடம் அந்த நொடியே விடுபடும். அழைப்புகள் அறுபடாது. லாக்குகளைத் தானாகச் சுழற்றும் லாக்ரொட்டேட் அமைப்பில் அளவு வரம்பையும் சுருக்கிவைப்பதையும் சேர்த்துவிட்டால் இந்தக் கதை இதோடு முடியும்.

அதே கோப்புறையில் வரிசை லாக் என்று ஒன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். அழைப்பு மையம் நடத்துபவர்களுக்கு யார் எத்தனை அழைப்பை எடுத்தார்கள், வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் காத்திருந்து வைத்துவிட்டார் என்னும் அறிக்கைகளெல்லாம் அந்தக் கோப்பிலிருந்துதான் பிறக்கின்றன. பெயரில் லாக் இருக்கிறது என்பதற்காகக் குப்பையோடு சேர்த்து வீசியவர்கள், மாத இறுதியில் மேலாளர் அறிக்கை கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

அடுத்தது பேக்கப். ஃப்ரீபிபிஎக்ஸின் பேக்கப் வசதியை, அதே வட்டின் ஸ்பூல் கோப்புறைக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும்படி பலரும் அமைத்துவிடுகிறார்கள். எத்தனை பிரதிகளை வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணையும் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, வாய்ஸ்மெயிலையும் பேச்சுப் பதிவுகளையும் பேக்கப்பில் சேர்க்கும் பெட்டியில் டிக் போட்டிருப்பார்கள். விளைவாக, ஒவ்வோர் இரவும் அதே பதிவுகள் மீண்டும் ஒருமுறை அதே வட்டில் எழுதப்படுகின்றன. வட்டு கெட்டால் பதிவும் போகும், பேக்கப்பும் போகும்; அப்படிப்பட்ட பேக்கப்பால் யாருக்கும் பயனில்லை. அமைப்பு விவரங்களின் பேக்கப்பை மட்டும் இரவில் எடுத்து, எஸ்எஃப்டிபி என்னும் பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம் வழியாக வேறோர் இடத்துக்கு அனுப்பி, சர்வரில் கடைசி இரண்டு மூன்று பிரதிகளை மட்டும் வைத்தால் போதும். பேச்சுப் பதிவுகளை ஆர்சிங்க் வழியாகத் தனியே எடுப்பதே சரி. அது புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் நகலெடுக்கும். பழைய பேக்கப் பிரதிகளை நீக்குமுன், கடைசிப் பிரதியை வேறொரு கணினிக்கு இறக்கி, திறந்து பார்த்துவிடுங்கள். இடமில்லாமல் நடுவில் நின்றுபோன பேக்கப்பும் பட்டியலில் முழுமையான பேக்கப் போலவே தோன்றும்.

சில்லறைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். ஆஸ்டரிஸ்க் எப்போதாவது விழுந்து எழுந்திருந்தால் தற்காலிகக் கோப்புறையில் நினைவகப் பிரதிகள் கிடக்கும், ஒவ்வொன்றும் பெரியது. இயங்குதளத்தின் பழைய கெர்னல்கள், மென்பொருள் நிறுவும் யம் அல்லது ஆப்ட்டின் தற்காலிகச் சேமிப்பு, இயங்குதள நிகழ்வுகளின் ஜர்னல், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ரூட்டின் பெயரில் அனுப்பிக் குவித்த மின்னஞ்சல்கள், இப்போது அலுவலகத்தில் இல்லாத தொலைபேசி வகைகளின் ஃபர்ம்வேர் ஆகியவற்றை நீக்குவதில் யாருக்கும் நட்டமில்லை. வாய்ஸ்மெயில் அப்படியல்ல. அதன் கோப்புகள் பூஜ்யத்திலிருந்து இடைவெளியின்றி எண்ணிடப்பட்டவை. நடுவில் சிலவற்றைக் கையால் நீக்கினால் வரிசை உடைந்து, மிச்சமிருப்பவற்றையும் அந்தப் பெட்டிக்காரரால் கேட்க முடியாமல் போகும். மின்னஞ்சலில் அனுப்பிய பிறகு சர்வரிலிருந்து நீக்கிவிடும் வசதியைப் பெட்டிக்குப் பெட்டி இயக்குவதே பாதுகாப்பான வழி.

தரவுத்தளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழைப்பு விவர அட்டவணையில் ஓர் அழைப்புக்குச் சில வரிகள்தாம் விழும். அதற்குப் பக்கத்திலுள்ள சிஇஎல் என்னும் சேனல் நிகழ்வு அட்டவணையில், ஒவ்வொரு சேனலும் (அழைப்பின் ஒவ்வொரு முனையும்) பிறந்தது, எடுக்கப்பட்டது, இணைந்தது, பிரிந்தது, முடிந்தது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி விழுவதால், பல ஆண்டுகள் ஓடிய சர்வரில் அது முன்னதைவிடப் பன்மடங்கு பெருத்திருக்கும். பழைய வரிகளை நீக்கும்படி கட்டளையிட்டுவிட்டு டிஎஃப்பைப் பார்த்தால் எண் அசையாது. தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, வரிகளை நீக்கிய இடத்தைத் தன் கோப்புக்குள்ளேயே காலியாக வைத்துக்கொள்ளும், கோப்பைச் சுருக்காது. ஆப்டிமைஸ் கட்டளையிட்டால் அட்டவணையைப் புதிதாக எழுதிச் சுருக்கும்; ஆனால் எழுதி முடிக்கும்வரை இரண்டாவது பிரதிக்கும் இடம் வேண்டும், அதுதானே இல்லை. மேலும், பல லட்சம் வரிகளை ஒரே கட்டளையில் நீக்கினால், திரும்பப்பெறுவதற்கான தகவலைப் பொதுக் கோப்பில் எழுதி அதையும் வீங்கவைத்துவிடும். அந்த வீக்கம் பழைய பதிப்புகளில் வற்றுவதே இல்லை. ஆகவே முதலில் லாக்கையும் பேக்கப்பையும் துடைத்து மூச்சுவிட இடம் செய்துகொண்டு, தேவையான கடைசி மாதங்களின் வரிகளை மட்டும் புதிய அட்டவணைக்கு நகலெடுத்து, பெயர்களை மாற்றி, பழைய அட்டவணையை மொத்தமாக நீக்கிவிடுவதே சுருக்கமான வழி. அட்டவணைக்கு ஒரு கோப்பு என்ற அமைப்பு இயங்கினால் இடம் உடனே திரும்பும். இதைச் சனிக்கிழமை மாலையில் செய்யுங்கள். திங்கட்கிழமைக் காலை எட்டு மணிக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சமிருக்கும் பெரிய மலை, பேச்சுப் பதிவுகள். மானிட்டர் கோப்புறைக்குள் ஆண்டு, மாதம், நாள் என்று அழகாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் அழிப்பதற்கு மிக எளிதாகத் தோன்றுவதும் இதுதான். நான் பார்த்தவரையில், அவசரத்தில் முதலில் அழிக்கப்படுவது இதுவே. இதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லாக்கைத் துடைக்கத் தொழில்நுட்பக்காரரின் முடிவு போதும். பதிவுகளை அழிக்க நிறுவனத்தின் முடிவு வேண்டும், அதுவும் எழுத்தில் வேண்டும். வட்டு நிரம்பிய ஓர் அலுவலகத்தில், கணக்குகளைக் கவனிக்கும் மூத்த அம்மையார், சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் கேட்டுப் பழகிய தமிழில், "தம்பி, பழசு எல்லாம் யார் கேக்கப் போறாங்க, எடுத்துப் போட்டிருங்க" என்றார். "அக்கா, இதை நீங்களும் நானும் சொல்ல முடியாது, முதலாளி கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டு லாக்கிலிருந்து தொடங்கினேன். அது காப்பீட்டுத் தரகரின் அலுவலகம் என்பதால் அந்தக் கையெழுத்துக்கு உண்மையிலேயே எடை இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிதி ஆலோசனை, இடைத்தரகுச் சேவைகளுக்கான 2002ஆம் ஆண்டின் ஃபெயிஸ் சட்டமும் அதன் கீழ் வந்த பொது நடத்தை விதிகளும் நிதி ஆலோசகர்களையும் தரகர்களையும் கட்டுப்படுத்துகின்றன. வாடிக்கையாளருக்கு அளிக்கும் நிதிச் சேவை தொடர்பான வாய்மொழித் தொடர்புகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும். அந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம், அந்த ஐந்து ஆண்டுகள் எப்போது தொடங்குகின்றன என்பது. அழைப்பு வந்த நாளிலிருந்து அல்ல. அந்த பாலிசி முடிந்த நாளிலிருந்து, பாலிசி போன்ற பொருள் ஏதும் இல்லாவிட்டால் சேவை அளித்து முடித்த நாளிலிருந்து. பத்து ஆண்டுகள் ஓடும் பாலிசியை விற்ற அழைப்பை, கோப்பின் வயது ஐந்தாண்டு தாண்டிவிட்டது என்று ஒரு கிரான் வேலை அழித்துவிட்டால் அது விதிமீறல். கோப்பின் தேதியை மட்டும் பார்த்து அழிக்கும் எந்த நிரலும் இத்தகைய நிறுவனத்துக்குப் பொருந்தாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஆறுதலான பகுதியும் உண்டு: பதிவுகள் அந்த சர்வரிலேயே இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. கேட்கும்போது ஏழு நாள்களுக்குள் பார்வைக்குக் கிடைத்தால் போதும். ஆகவே மலிவான, மெதுவான சேமிப்புக்கு அவற்றை நகர்த்துவதில் தடையில்லை.

மறுபக்கத்தில் பொப்பியா நிற்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான அந்தச் சட்டம் 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் அமலானது. திரட்டிய நோக்கம் நிறைவேறிய பிறகு, வேறு சட்டமோ ஒப்பந்தமோ கோராதவரை, தகவலை வைத்திருக்கக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. மீண்டும் உருவாக்க முடியாத வகையில் அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நிர்வாக அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். ஒரு மருத்துவர் அறைக்கு வந்த அழைப்பில் நோயாளி தன் நோயைப் பற்றிப் பேசியிருப்பார். முன்பதிவு சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்கத்தான் அந்த அழைப்பு பதிவாகிறது என்றால், ஐந்து ஆண்டுகள் அதை வைத்திருக்க என்ன நியாயம் இருக்கிறது? சரக்கு முகவருக்கு ஒரு கப்பல் சரக்கின் தகராறு தீரும்வரை வேண்டியிருக்கலாம். ஆக, எவ்வளவு காலம் என்பது தரகருக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, முகவருக்கு ஒன்று. சர்வர் என்னவோ எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். அழிக்காமல் வைத்திருப்பது எப்போதும் பாதுகாப்பான பக்கம் என்று எண்ணுவதற்கு இந்த நாட்டில் இனி இடமில்லை.

காலம் முடிவானால் கணக்கு எளிது. ஆஸ்டரிஸ்கின் வழக்கமான வேவ் கோப்பு நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அதாவது நொடிக்கு 16,000 பைட், நிமிடத்துக்கு 960 கேபி, மணிக்கு ஏறத்தாழ 58 எம்பி. இருபது பேர் ஆளுக்கு மூன்று மணி நேரம் பேசும் அலுவலகத்தில் நாளுக்கு அறுபது மணி நேரப் பேச்சு. நாளுக்கு ஏறக்குறைய 3.5 ஜிபி, 22 வேலை நாள்கள் கொண்ட மாதத்துக்கு 76 ஜிபி. 120 ஜிபி வட்டு இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஐந்து ஆண்டுகளுக்கு நாலரை டிபிக்கு மேல் வேண்டும். அதே பேச்சை ஜிஎஸ்எம் என்னும் சுருக்க வடிவத்தில் பதிவு செய்தால் நொடிக்கு 1,625 பைட் போதும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டுகளும் 500 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒலித்தரம் குறையும் என்பது உண்மை. தகராறில் ஒரு தொகையையோ தேதியையோ தெளிவாகக் கேட்க வேண்டியிருக்கும் என்றால், முதல் சில வாரங்கள் வேவ் வடிவத்திலேயே வைத்திருந்து, பிறகு இரவில் ஓபஸுக்கோ எம்பி3க்கோ மாற்றுவதை நான் விரும்புகிறேன். 16 கிலோபிட் வேகத்தில் மணிக்கு ஏழு எம்பி அளவில் முடிந்துவிடும், காதுக்கும் தெளிவாக இருக்கும். மாற்றும் வேலையைப் பகலில் ஓடவிடாதீர்கள். சிறிய செயலியில் அது நடந்துகொண்டிருக்கும்போது அழைப்புகளில் குரல் வெட்டுப்படும்.

மாற்றினாலும் நகர்த்தினாலும், அழைப்பு விவர அட்டவணையில் ஒவ்வோர் அழைப்புக்கும் பக்கத்தில் பதிவுக் கோப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னொட்டு மாறினாலோ கோப்பு நகர்ந்தாலோ, அறிக்கைப் பக்கத்தில் அந்த அழைப்பின் ஒலி ஓடாது. ஆகவே அட்டவணையிலும் பெயரைத் திருத்துங்கள், அல்லது ஆவணச் சேமிப்பில் ஆண்டு மாதம் நாள் என்னும் அதே அடுக்கைக் காப்பாற்றி, பெயரைக் கொண்டு தேடிக்கொள்ளலாம் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நகலெடுக்கும்போது கோப்பின் தேதி காக்கப்பட வேண்டும். சாதாரண நகலில் எல்லாக் கோப்புக்கும் இன்றைய தேதி ஏறிவிடும். தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டவை என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

அழிக்கும் கட்டளையை, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் மூலம் எழுதும்போது, முதலில் அழி என்ற சொல்லை விட்டுவிட்டுப் பட்டியல் மட்டும் எடுத்து, அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, முதலாளியின் ஒப்புதலோடு இணைத்து வைக்கிறேன். ஆஸ்டரிஸ்கில் சிறிய எழுத்து வேவ் பின்னொட்டும் பெரிய எழுத்து வேவ் பின்னொட்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சிறியது 16 பிட் ஒலி, பெரியது ஜிஎஸ்எம். ஒன்றைத் தேடும் கட்டளைக்கு மற்றது கண்ணில் படாது. வெளியே நகர்த்தியவற்றை அழிக்குமுன், இரு பக்கமும் சரிபார்ப்பு எண்களை எடுத்து ஒப்பிடுவதைத் தவறவிடுவதில்லை. நகர்த்தும் இடம் நாட்டுக்கு வெளியே என்றால் பொப்பியாவின் 72ஆம் பிரிவு குறுக்கே வரும். ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் பெரிய மேகச் சேவைகளின் தரவு மையங்கள் வந்துவிட்ட பிறகு, பேச்சுப் பதிவுகளைக் கடல் கடந்து அனுப்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் குறியாக்கம் செய்தே வைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் கோப்பை நீக்குவதாலோ மேலே எழுதுவதாலோ உண்மையில் அழிந்ததா என்று உறுதி சொல்ல முடியாது. குறியாக்கம் செய்த பகிர்வாக இருந்தால், சாவியை அழிப்பதே 14ஆம் பிரிவு கேட்கும் அழிப்புக்கு மிக நெருக்கமானது.

இடம் கிடைத்ததும் முதலில் தரவுத்தளம் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஒரு வாய்ஸ்மெயிலும் ஒரு பதிவும் செய்து கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகே நிர்வாகப் பக்கத்தின் சிவப்புப் பொத்தானுக்குப் போகலாம். வட்டு நிறைந்திருந்த நாள்களின் அழைப்புகளில் எவற்றுக்குப் பதிவு இல்லை என்று அட்டவணையையும் கோப்புகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுத்துக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. தரகர் அலுவலகங்களுக்கு அந்த இடைவெளியைத் தாங்களாகவே குறித்து வைத்திருப்பது பின்னால் உதவும்.

இனி வராமலிருக்க, பதிவுகளைத் தனிப் பகிர்வில் வைப்பது போல் பயனுள்ள மாற்றம் வேறில்லை. பதிவுகள் எவ்வளவு பெருகினாலும் தரவுத்தளத்துக்கும் லாக்குக்கும் உரிய இடத்தை அவை தின்ன முடியாது. மிக மோசமான நாளிலும் பதிவுகள்தாம் நிற்கும், தொலைபேசி நிற்காது. இடத்தைக் கண்காணிக்கும் வேலையை அந்த சர்வரிடமே ஒப்படைக்காமல், வெளியிலிருந்து வேறொரு கணினி கேட்டுப் பார்க்கும்படி வையுங்கள். எழுபது சதவீதத்தில் ஒரு செய்தி, எண்பத்தைந்தில் ஒரு அழைப்பு. பழைய ஃப்ரீபிபிஎக்ஸ் நிறுவல்கள் சென்ட்ஓஎஸ் 7 என்னும் இயங்குதளத்தின் மேல் நின்றவை. அதன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. ஃப்ரீபிபிஎக்ஸின் பதினேழாம் பதிப்பு டெபியன் 12 மேல் வருகிறது. எப்படியும் மாற வேண்டிய சர்வர் என்றால், பழைய நிறுவலின் எக்ஸ்எஃப்எஸ் வகைப் பகிர்வைச் சுருக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைவிட, அந்த மாற்றத்தின்போதே பதிவுகளுக்கு ஒரு டிபியில் தனி வட்டு, மற்றவற்றுக்குச் சிறிய எஸ்எஸ்டி என்று பிரித்து நிறுவிவிடுவது மலிவு. சுத்தம் செய்யும் நிரலின் முதல் வரிகளில், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதை ஒப்புக்கொண்டவரின் பதவியையும் தேதியையும் குறிப்பாக எழுதி வைக்கிறேன். எனக்குப் பின் அந்த சர்வரைத் திறப்பவர் யாரானாலும், எண்ணை மாற்றுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.